சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் மனச்சோர்வையும் பரிசோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுடன் வாழும் ஓர் இளைஞனின் அத்தை என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் இந்நோயில் நுரையீரலிலும் கணையத்தின் குழாய்களிலும் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கிறது. வியர்வையோடு உப்பும் மிகுதியாக வெளியேறிவிடுகிறது. நம் மருத்துவர்கள் சளிக்கும் எடைக்கும் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. அதே அக்கறை இவர்களுடைய மனநிலைக்கும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நெபுலைசர், நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி, ஒவ்வொரு வேளை உணவுடனும் கணைய நொதி மாத்திரை என்று நாள்தோறும் நீண்ட நேரம் எடுக்கும் சிகிச்சை இது. மனம் சோர்ந்தவர் முதலில் கைவிடுவதும் இதைத்தான். அப்போது சளி தேங்குகிறது, தொற்று பற்றுகிறது, பசியும் குன்றி உடல் மெலிகிறது, மெலிந்த உடலில் நுரையீரல் மேலும் தளர்கிறது. வீட்டில் உள்ளவர்களோ, பிள்ளை சோம்பலால் அடம்பிடிக்கிறான் என்று கடிந்துகொள்கிறோம்.

மனச்சோர்வைக் கண்டறிவது எளிதன்று. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் நுரையீரல் தொற்றிலும் வரும், மனச்சோர்விலும் வரும். டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயிலில் உப்பிழப்பாலும் இவர்கள் துவண்டு போவார்கள். ஆகவே, சோர்வு என்று வருபவருக்கு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எழுதுவதோடு நில்லாமல், எதிலும் நாட்டமில்லையா, நம்பிக்கை இழந்ததுண்டா என்றும் கேட்டாக வேண்டும். பெற்றோர் அருகிலிருந்தால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால், அவர்களைத் தனியே வைத்துக் கேட்பது நல்லது.

ஒன்பது நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், வளரிளம் பருவத்தினரில் 10 விழுக்காட்டினருக்கும் பெரியவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அதே ஆய்வில் நோயுற்ற பிள்ளைகளின் தாய்மாரில் இது 37 விழுக்காடு, தந்தையரில் 31 விழுக்காடு. பிள்ளையைவிடப் பெற்றவள் கூடுதலாக வாடுகிறாள் என்பது என் மனத்தை மிகவும் வருத்தியது. பன்னிரண்டு வயது முதல் ஆண்டுதோறும் நோயாளியிடமும், சிறார்களாயின் பராமரிப்பவரிடமும் இதற்கான கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று 2016-இல் பன்னாட்டு வழிகாட்டுதலே வந்துவிட்டது.

இந்நோயுள்ள இருவர் அருகருகே இருந்தால் ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றக்கூடும் என்பதால், தம்மைப் போன்றவர்களை நேரில் சந்தித்து ஆறுதல் அடையவும் இவர்களுக்கு வழியில்லை. அந்தத் தனிமையை நினைத்துப் பாருங்கள்!

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் நெஞ்சகப் பிரிவும் மனநலப் பிரிவுடன் இணைந்து, இவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாளிலேயே மனநலக் கேள்விகளையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். மனநல ஆலோசகரைக் காண வேறொரு நாள் வரச் சொன்னால், கூலி வேலையை விட்டுவிட்டு வரும் தாய் வரமாட்டாள். இடைப்பட்ட நாள்களில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதை மருத்துவச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மன்னார்குடி.