விடுதி வேண்டாம், எஸ்தர்

அன்புள்ள எஸ்தர்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. டோர்கஸ் அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்தில் உன்னைத்தான் தேடினார். அந்த வாழைப்பழக் கணக்கை இன்னும் மறக்கவில்லை, வட்டியோடு கட்டிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபைக் கமிட்டியில் போன வாரம் பெரிய வாக்குவாதம். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணத்தில் கீழே, திருவண்ணாமலைப் பக்கம் இடம் வாங்கி விடுதி கட்ட வேண்டும் என்கிறார்கள். வரைபடம்கூட வந்துவிட்டது. வாசலில் சபையின் பெயர் பொறித்த கல். கூடவே பிள்ளைகளின் படம் போட்ட அட்டை. மாதம் இவ்வளவு வெள்ளி கொடுத்தால் அது 'உங்கள் பிள்ளை'யாம். நான் எழுந்து வேண்டாம் என்றேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

ஜூன் விடுமுறையில் குழுவோடு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போனோம் என்று சொன்னேன் இல்லையா, அங்கே பார்த்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அதற்கும் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் பெயர் எழுதிய சிலேட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒருத்திக்கு எட்டு வயதிருக்கும். சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் பாட்டி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ போய் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்கள். அந்தப் படம்தான் இப்போது அட்டையின் முகப்பு.

அவளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், எஸ்தர்! காபி எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கிறார்கள், சீசன் முடிந்தால் வந்துவிடுவார்கள். மதியச் சத்துணவு 1982 முதலே உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மறு வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. குறை இரவில்தான். பாட்டி ரேஷன் அரிசியை வடித்து வைப்பார், குழம்பு இருந்தால் உண்டு. பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தால் அடுத்த பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும், பெண்பிள்ளைகள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு ஏன் பாட்டியிடமிருந்து பிரித்து மலையை விட்டே இறக்க வேண்டும்? ஊரிலேயே இரவுச் சாப்பாடு, அந்த ஊரில் படித்த பெண் ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்து மாலை வகுப்பு, பெரிய பள்ளிக்குப் போய்வர ஒரு வேன். இவ்வளவுதானே! யாருமே இல்லாத பிள்ளைக்கு விடுதி வேண்டும், மறுக்கவில்லை. தங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையிலேயே இருக்கின்றன.

உங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைத்தான் கமிட்டியில் சொன்னேன். 1900இல் தொடங்கிய வேலை அவ்வளவு பெரிதாக வளர்ந்தும், குடியாத்தம் சாலையோரம் மரத்தடிக்கே போய் வைத்தியம் பார்த்தவர். வர முடியாதவர்களிடம் அவரே போனார். பாஸ்டர் ஐயா தலையசைத்தார். அப்புறம் தேக்காவில் தே குடிக்கும்போது பொருளாளர் சொன்னார்: "கட்டடம் என்றால் கண்ணுக்குத் தெரியும், கொடுப்பவர்களிடம் காட்டலாம்." மனம் கொதித்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற மலைப்பிரசங்கம் படிக்கிற நாமா இப்படிப் பேசுவது?

பணம் அனுப்புவதிலும் சிக்கல் இருக்கிறது. 2020இல் இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக்குத்தான் போக வேண்டும். வாங்கிய அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அமைப்பு வழியாகச் சின்னக் குழுக்களுக்குப் போன உதவி அதோடு நின்றது. ஆகவே அந்தச் சட்டத்தில் பதிவு பெற்று, மலையில் தானே வேலை செய்கிற அமைப்பாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு உதவிக்காக இங்கே பொதுமக்களிடம் வசூலிக்க அனுமதி வாங்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்பது இதுதான். பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்தவள் நீ. மழை வலுப்பதற்குள் ஒருநாள் மலை ஏறு. பாட்டிகளோடு உட்கார்ந்து, விடுதி வேண்டுமா, சாப்பாடும் வகுப்பும் போதுமா என்று அவர்களையே கேள். இங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை. வேன் வாடகை எவ்வளவு, மாலை வகுப்புக்கு யார் கிடைப்பார்கள் என்றும் விசாரி. அடுத்த கமிட்டிக்கு முன்னால் பதில் வர வேண்டும். உன் கோழிக்கிறுக்கலில் வேண்டாம், டைப் செய்து அனுப்பு.

அன்புடன்,
கிரேஸ்