பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

ரகசியப் பணிக்குப் படைவீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் காட்டும் அக்கறை, ரகசியத் தகவல்களைப் பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்த பிறகும் தொடர்கிறதா?

2019 டிசம்பரில் கடற்படையினர் 7 பேரை ஆந்திரக் காவல்துறை கைது செய்தது. கப்பல்களும் நீர்மூழ்கிகளும் இருக்கும் இடத்தை ஃபேஸ்புக்கில் பழகியவர்களிடம் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மாதமே கடற்படைத் தளங்களில் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. 2020இல் ராணுவம் 89 செயலிகளை நீக்கச் சொன்னது. சரி, வேண்டியதுதான். ஆனால் போனைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? வேலைக்குச் சேரும்போது ‘நல்ல பையன்’ என்று போலீஸ் கொடுத்த சான்று, நான்கு வருடம் கழித்து அவன் கடனில் தவிப்பதைச் சொல்லாது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். விமானப்படைத் தேசியக் காவலில் கணினிப் பிரிவில் இருந்த ஜாக் டெஷேரா, தன் வேலைக்குத் தேவையில்லாத உளவுக் குறிப்புகளைப் படித்து எழுதிக்கொண்டதை 2022 செப்டம்பரிலேயே மேலதிகாரிகள் பார்த்தார்கள். அக்டோபரில் கண்டித்தார்கள். 2023 ஜனவரியில் மறுபடியும் பார்த்தார்கள். அனுமதி மட்டும் அப்படியே இருந்தது. ஏப்ரலில் கைதானபோது, அவர் வெளியிட்ட ரகசிய ஆவணங்கள் டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் பரவி முடிந்திருந்தன. முழு விவரத்தையும் சொன்னால் பாதுகாப்பு அதிகாரிகள் பெரிதுபடுத்திவிடுவார்களோ என்று பயந்து சிலர் தெரிந்தே மறைத்ததாக விமானப்படையின் விசாரணை சொன்னது. 15 பேர் மீது நடவடிக்கை. எனக்கு இந்தப் பயம்தான் கவலையாக இருக்கிறது. நம் படைப்பிரிவுகளிலும் உடன் இருப்பவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

நமக்குக் கட்டுப்பாடு தெரியாது என்றில்லை. 1998இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்காக 58ஆவது பொறியாளர் படைப்பிரிவு பெரும்பாலும் இரவில் வேலை செய்தது. கலாம் ராணுவச் சீருடையில் ‘மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்’ என்ற பெயரில் வந்து போனார். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

அதனால் கேட்கிறேன். பணி மாறும் அன்றே பழைய அனுமதி தானாக ரத்தாக வேண்டும். கடனோ மிரட்டலோ இருக்கிறது என்று வீரர் தானாக வந்து சொன்னால், தண்டனைக்கு முன்னால் உதவி கிடைக்க வேண்டும். அப்புறம், சந்தேகத்தைச் சொல்பவர் தன் மேலதிகாரியைத் தாண்டிச் சொல்ல வழி வேண்டும்.

அடுத்த மானியக் கோரிக்கை (பட்ஜெட் ஒதுக்கீடு) ஆய்வில் அமைச்சகத்திடம் இவற்றைக் கேளுங்கள். பெயரோ பணியோ வெளியே வர வேண்டாம். இப்படி ஒரு முறை இருக்கிறதா என்பதை மட்டும் உங்கள் அறிக்கையில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்