லாங்காஸ்டர் கல்லறையில் உறங்குபவர்

அன்புள்ள மகளுக்கு,

லாங்காஸ்டரில் உன் வீட்டருகே உள்ள சிறிய கல்லறைத் தோட்டத்தில் கண்ட கல்லெழுத்தைப் படமெடுத்து அனுப்பி, இவர் யார் என்று கேட்டிருந்தாய். அவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்; பென்சில்வேனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, லிங்கன் காலத்தில் அடிமை முறையை எதிர்த்து நின்ற அரசியல்வாதி. இத்தனை ஆண்டுகள் வரலாறு கற்பித்தும், லிங்கனைத் தாண்டி இவரைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டவன் நான்.

1792இல் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு பாதம் வளைந்த நிலையில் பிறந்தார். செருப்புத் தைத்துப் பிழைத்த தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட, தாய் சாரா உழைத்து அவரை டார்ட்மவுத் கல்லூரிவரை படிக்கவைத்தார். அந்தத் தாய்க்குப் பண்ணை ஒன்று வாங்கிக் கொடுத்ததையே தம் வாழ்வின் பெரிய இன்பமாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

நீயும் வழக்கறிஞர் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவில் ஆறு மாதங்கள் தங்கவைக்கப்பட்ட அடிமை விடுதலை பெறுவார் என்பது அன்றைய சட்டம். 1821இல், அந்த ஆறு மாதங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்திருக்க வேண்டும் என்று அடிமை உடைமையாளருக்காக வாதாடி வென்றவர் இதே ஸ்டீவன்ஸ்தான். சாரிட்டி பட்லர் என்ற பெண்ணும் அவள் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளானார்கள். வாதத்தில் குற்றம் காண முடியாது. அதுதான் என்னை உறுத்துகிறது.

பின்னர், தப்பி வந்த அடிமைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1835இல் இலவசப் பள்ளிச் சட்டத்தை நீக்க முனைந்த மாநிலச் சட்டமன்றத்தைத் தம் பேச்சாலேயே திருப்பினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் கையொப்பமிட மறுத்தார். உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத்தின் நிதிக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1863இல், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையினர் அவருடைய இரும்பாலையை எரித்தனர். 1866இல், விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தர முனைந்த அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் தாம் விரும்பிய அளவுக்கு வலுவாக அமையாதபோதும், தாம் வாழ்வது தேவதூதர்களிடையே அல்ல, மனிதர்களிடையே என்று கூறி ஆதரித்தார். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சி 1868இல் ஒரே வாக்கில் தோற்றபோது, நடக்க இயலாத அவரை நாற்காலியில் வைத்துத்தான் அவைக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். மற்றக் கல்லறைத் தோட்டங்கள் இனம் பார்த்து இடம் கொடுத்ததால், எல்லோரையும் ஏற்ற இந்தச் சிறிய இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். படைத்தவன் முன் மனிதர் யாவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டதைச் சாவிலும் காட்டவே இங்கே உறங்குவதாக, நீ படமெடுத்த அந்த வரிகள் சொல்கின்றன. அவற்றை எழுதும்போது சாரிட்டி பட்லர் அவர் நினைவுக்கு வந்திருப்பாளா என்று நேற்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அப்பா