மூச்சடைத்து மயங்கும் பிள்ளைக்கு முதலுதவி: தமிழில் வகுப்பு கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்: குடியிருப்பாளர் நல அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: ஏழாம் மாடியில் பேரனோடு இருக்கும் பாட்டி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரச்சந்தைக்கு எதிரே, மூலைக் காப்பிக்கடையை ஒட்டிய புளோக். இடம் உங்களுக்குத் தெரியும், போன தீபாவளி ஒளியூட்டுக்கு நீங்களே வந்திருந்தீர்கள். மார்ச்சில் ஒரு மனு கொடுத்தேன், ஜூனில் ஒன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள்.

1. பகலில் எங்கள் புளோக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டி, தாத்தா, பணிப்பெண்கள்தான். பலருக்கு ஆங்கிலம் ஓடாது.

2. பிப்ரவரியில் ஒரு மதியம் என் மூன்று வயதுப் பேரன் முழு திராட்சை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சோபாவிலிருந்து குதித்தான். இருமவில்லை, அழவுமில்லை. சத்தமே வராததால்தான் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலம். நான் என்ன செய்தேன் தெரியுமா ஐயா? உச்சந்தலையில் தட்டினேன். தண்ணீர் புகட்டப் பார்த்தேன், மூக்கு வழியாக வெளியே வந்தது. பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாமலே வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். அப்படித் துழாவினால் அடைத்திருப்பது இன்னும் உள்ளே போய்விடுமாம். அதற்குள் பிள்ளை துணி போல என் கையில் சாய்ந்துவிட்டான்.

கதவைத் திறந்து கத்தினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஓடி வந்தார். அவனைத் தரையில் மல்லாத்தி, ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழைத்துக் கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் பக்கத்தில் வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பித்தார். முப்பது முறை. வாயைத் திறந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறை மூச்சு ஊதினார். மறுபடி முப்பது. இந்த முறை திராட்சை தெரிந்தது, எடுத்துவிட்டார். தொலைபேசியில் ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் மட்டும் அன்று சந்தைக்குப் போயிருந்தால்?

3. நாங்கள் கற்க வேண்டியது மலையளவு இல்லை. நினைவோடு இருக்கும் பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக இழுப்பது. ஒரு வயது ஆகாத கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, முதுகில் ஐந்து தட்டு, நெஞ்சில் ஐந்து அழுத்தம். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி, 995, நெஞ்சழுத்தம். ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்பும் வாயைப் பார்ப்பது, பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுப்பது. அப்புறம் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவது. இதை நான் மகளிடம் கேட்டுத் துண்டுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தாளைப் பார்த்துப் படித்தால் போதுமா? பொம்மையின் நெஞ்சில் கை வைத்து அழுத்திப் பார்த்தால்தானே எவ்வளவு பலம் கொடுப்பது என்று கைக்குத் தெரியும்?

4. கீழ்த்தளத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தமிழில், பிள்ளை பொம்மையோடு, இரண்டு மணி நேர வகுப்பு. மின்தூக்கி அருகே படத்தோடு ஒரு தமிழ்த் தாள். இவ்வளவுதான்.

5. மன்னிக்க வேண்டும், கேட்டுவிடுகிறேன். கொசு ஒழிப்புக்கு நான்கு மொழியிலும் தாள் ஒட்டுகிறீர்கள், மின்தூக்கி பழுதுபார்ப்பு அறிவிப்பும் அப்படியே. பிள்ளையின் மூச்சுக்கு மட்டும் ஏன் ஆங்கிலம் போதும் என்று விட்டுவிட்டீர்கள்? ஜூன் மனுவைக் கொடுத்தபோது முகப்பில் இருந்த பெண் "பதிவு செய்துகொண்டோம்" என்றார். பதிவு எனக்கு எதற்கு ஐயா? வகுப்பு வேண்டும்.

6. வகுப்பு வேண்டும். பதினெட்டுப் பேர் கையெழுத்து பின்தாளில் இருக்கிறது, அந்த மலாய்க்கார அம்மாவுடையதும்.

தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள். நாற்காலி அடுக்க நாங்கள் வருகிறோம். தொலைபேசியில் அழைப்பதென்றால் இரண்டு மணிக்கு மேல் அழையுங்கள், அப்போதுதான் பேரன் தூங்குவான்.

இப்படிக்கு,
ஏழாம் மாடிப் பாட்டி