கூர்க்கா மெடல்களைப் பிரித்து விற்காதீர்கள்: சேகரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய நாணயமும் பதக்கமும் வாங்கி விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மலாயா அவசரகாலத்தில், அதாவது இன்றைய மலேசியக் காடுகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்துப் பிரிட்டன் நடத்திய போரில், வீரப் பதக்கம் பெற்ற கூர்க்கா (பிரிட்டிஷ் ராணுவத்தின் நேபாள) சிப்பாயின் மெடல்கள் பெரும்பாலும் குறைந்தது இரண்டாக இருக்கும். ஒன்று வீரத்துக்கான மிலிட்டரி மெடல். மற்றது, ரிப்பனின் மேல் 'மலாயா' என்று பொறித்த வெள்ளிப் பட்டையோடு வரும் ஜெனரல் சர்வீஸ் மெடல். முதலாவதுக்கு நல்ல விலை உண்டு. இரண்டாவது அங்கே பணியாற்றிய எல்லோருக்கும் கிடைத்தது என்பதால் மலிவு. அதனால் வீரப் பதக்கத்தை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதைச் சில்லறை நாணயத் தட்டில் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப் பிரிக்க வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

மிலிட்டரி மெடலில் எந்தப் போர் என்று எங்கும் எழுதியிருக்காது. களத்தில் காட்டிய வீரத்துக்கு என்ற வாசகம் மட்டும் பின்புறம் உண்டு. விளிம்பில் எண், ரேங்க், பெயர், ரெஜிமென்ட். 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான அந்தக் காட்டுப்போரைப் பெயர் சொல்லிக் காட்டுவது ஜெனரல் சர்வீஸ் மெடலின் பட்டைதான். இரண்டு விளிம்பிலும் உள்ள ஒரே எட்டு இலக்க எண்தான் இவற்றை இணைக்கும் கயிறு.

பெயரை நம்பிப் பயனில்லை. 2, 6 ஆகிய கூர்க்கா ரெஜிமென்ட்கள் மேற்கு நேபாளத்துக் குருங், மகர் இனத்தவரையும், 7, 10 ஆகியவை கிழக்கத்திய ராய், லிம்பு இனத்தவரையும் சேர்த்தன. ஒரே கம்பெனியில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அதனால்தான் அவர்களுக்குள்ளேயே எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம். 1948 ஜனவரி 1 அன்று இந்த நான்கு ரெஜிமென்ட்களும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மாறின. அதன் பிறகான எண்களில் 211 என்ற தொடக்கத்தை அடிக்கடி காணலாம். 1965இல் போர்னியோவில் காட்டிய வீரத்துக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ராம்பகதூர் லிம்புவின் எண் 21148786.

சிலுவை வடிவ வீரப் பதக்கமான மிலிட்டரி கிராஸ் விஷயம் இன்னும் மோசம். கூர்க்கா அதிகாரிகளுக்குக் கிடைத்த அந்தச் சிலுவையில் அரசு பெயரே பொறிக்கவில்லை. பின்புறக் கீழ்க்கரத்தில் ஆண்டு மட்டும் இருக்கும். பெயர் பொறித்த துணை மெடலைப் பிரித்துவிட்டால், அது யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை.

வாங்குமுன் வெர்னியர் காலிப்பரை எடுங்கள். மிலிட்டரி மெடலும் ஜெனரல் சர்வீஸ் மெடலும் 36 மில்லிமீட்டர் விட்டம். நான்கைந்து இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால், பழைய பெயரை அரம் போட்டு அழித்துப் புதிய பெயரை ஏற்றியிருக்கலாம். சுற்றிலும் சீராகக் குறைந்து, பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் தெரிந்தால் அது வார்ப்புப் போலியாக இருக்கக்கூடும், ஏனென்றால் வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். பிறகு விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் எண்ணைத் தேடுங்கள்; இணையத்தில் இலவசம். 1950இல் கெசட்டில் வந்த வீரப் பதக்கத்தில் எலிசபெத் அரசியின் தலை இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் அரியணை ஏறியது 1952இல். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூஓ 373 வரிசையில் பதக்கத்துக்கான பரிந்துரைத் தாள் கிடைத்தால், சண்டை நடந்த நாளும் இடமும் அதில் இருக்கக்கூடும். அந்த இடம் சில சமயம் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் ஓரமாகவும் இருக்கலாம்.

அடுத்து, தேய்ப்பது. வெள்ளி என்றாலே விபூதி, புளி, பற்பசை என்று கை போய்விடும். வீட்டுக் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. விளிம்பு எழுத்துகள் அச்சால் அழுத்தியவை, ஆழம் அதிகமில்லை. தேய்க்கத் தேய்க்க முதலில் மங்குவது எண்தான். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

நைந்த ரிப்பனையும் மாற்றாதீர்கள். தளபதியின் போர் அறிக்கையில் பாராட்டாகப் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான வெண்கல ஓக் இலை ஜெனரல் சர்வீஸ் மெடலின் ஊதா-பச்சை ரிப்பனில்தான் குத்தப்பட்டிருக்கும். இலை தொலைந்தாலும் துளையும், வெயில் படாத இலை வடிவ நிழலும் தங்கியிருக்கும். புது ரிப்பன் மாட்டினால் அந்தச் சாட்சியும் போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிவிசி ஆல்பம், கம்பளித் துணி, இரண்டும் வேண்டாம். அமிலமற்ற தாளில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரே டப்பாவில் வையுங்கள்.

எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் சாய்வான வெளிச்சத்தில் இரண்டு விளிம்பையும் முழுச் சுற்றுக்கும் படமெடுங்கள். எந்த மெடல் யாரிடம் எந்தத் தேதியில் போனது என்று ஒரு தாளில் எழுதி, படங்களோடு அதன் நகலை இரண்டு மெடலுடனும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
மலாயா மெடல்களைப் பார்த்துப் பழகிய சிலர்