விநாடி முள் உள்ள கடிகாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நர்சிங் மாணவிகளுக்கு வாரம் இரண்டு நாள் வார்டில் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம், சளியும் காய்ச்சலுமாக வந்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூச்சு எண்ணும்படி ஒரு மாணவியிடம் சொன்னேன். வார்டுச் சுவரில் இருந்தது சிவப்பு எண்கள் எரியும் டிஜிட்டல் கடிகாரம். 10:42 என்று மணியும் நிமிடமும் மட்டும் காட்டும். அவள் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு, அதை ஒரு பார்வை, குழந்தையின் வயிற்றை ஒரு பார்வை என்று எண்ணினாள். 38 என்றாள். நான் என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணியபோது 44.

இந்த ஆறில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலே வேகமான மூச்சுதான். நிமோனியாவா என்று பார்க்கச் சொல்லி உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 38 என்று எழுதியிருந்தால் அந்தக் குழந்தை வரிசையில் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் போதும். விநாடி முள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஒரு முழுச் சுற்று. பார்வை வயிற்றைவிட்டு நகராது, முள் ஓடுவது கடைக்கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை அப்படிப் பார்க்க முடியாது, அதை வாசித்தாக வேண்டும். வாசிக்கிற நேரத்தில் ஒரு மூச்சு தப்பிவிடும். சரி, இதைக் காட்டிக்கொடுக்கலாம் என்று என் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "மேடம், எனக்கு முள் பார்த்து மணி சொல்ல வராது" என்றாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி வந்த பெண் அவள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கடிகாரப் படம் இருக்கிறது. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் சுவரில் கடிகாரம் இல்லையென்றால் அந்தப் பாடம் எத்தனை நாள் நினைவில் நிற்கும்? எட்டே கால், ஒன்பதே முக்கால் என்று நாம் சொல்வதே பல பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

டிஜிட்டல் கடிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி டியூட்டியில் ஊசி போட்ட நேரத்தைத் தப்பில்லாமல் குறிக்க அதுதான் வசதி, கண் மங்கிய பெரியவர்களுக்கும் அதுதான் எளிது. ஆனால் மார்பில் கட்டி இருந்தால் அது இருக்கும் இடத்தை "2 மணி திசையில்" என்றுதான் இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க, வட்டம் போட்டு 11 மணி 10 நிமிடம் காட்டும்படி முள் வரையச் சொல்கிறார்கள். முள் கடிகாரமே பார்க்காமல் வளர்கிற பிள்ளைகளுக்கு வயதாகும்போது அந்தச் சோதனையை எப்படிச் செய்வார்கள் என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது.

தலைமையாசிரியர்களையும் மருத்துவமனைப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு வார்டிலும், படுக்கைப் பக்கத்தில் நின்றால் தெரிகிற உயரத்தில், விநாடி முள்ளோடு ஒரு கடிகாரம் மாட்டுங்கள். அப்புறம், பேட்டரி தீர்ந்தால் மாற்றுவதற்கு ஓர் ஆளையும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திருச்சி.