மாப்ள, அந்தக் கொம்புக் கைப்பிடிய கழட்டிப் போட்டுடாத

மாப்ள,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா. இங்க ஆத்துல தண்ணி வந்துடுச்சு, குறுவைக்கு நாத்து விட்டாச்சு, அண்ணன் வயலே கதின்னு கெடக்கார்.

உங்க தாத்தா சவரக்கத்தி போட்டோ பாத்தேன்டா, இங்கிலாந்துல கத்திக்குப் பேர் போன ஷெஃபீல்டு ஊரு முத்திரை இன்னும் தெளிவா இருக்கு. கைப்பிடி விரிசல் விட்டு குழி விழுந்துடுச்சு, அதுக்குப் பதிலா பிளாஸ்டிக் போட்டுடலாமான்னு கேட்டிருந்த, வேணாம்டா, அந்தப் பிடியும் கத்தியும் சேந்தே வயசானது, காப்பாத்திடலாம். முதல்ல ஒரு ஓரத்த கட்டை விரலால சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்து பாரு, கற்பூர வாடை அடிச்சா அது செல்லுலாய்டுங்கிற பழைய கால பிளாஸ்டிக், நெருப்புப் பக்கம் கொண்டு போகாத, சட்டுனு பத்திக்கும். ஆனா போட்டோல பாத்தா எருமைக் கொம்பு மாதிரிதான் இருக்கு, அந்தக் குட்டிக் குட்டிக் குழியெல்லாம் பூச்சி அரிச்சது, கொம்பும் நம்ம நகமும் கெரட்டின்ங்கிற ஒரே புரதந்தானே, சில வண்டுப் புழுவுக்கு அதுதான் சாப்பாடு.

விரிசல் ஏன்னா, கொம்பு அடுக்கடுக்கா வளர்ற பொருள், நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை அடைமழைல ஈரத்த இழுத்து உப்பும், சித்திரை வெயில்ல காஞ்சு சுருங்கும், ஆணி அடிச்ச எடம் மட்டும் அசைய விடாது, அதனால ஓட்டைப் பக்கத்துலேந்துதான் பெரும்பாலும் கீறல் கெளம்பும்.

முக்கியமான விஷயம் என்னன்னா எண்ணெய் கடைசிலதான். எல்லாரும் காஞ்ச கொம்பப் பாத்ததும் எண்ணெய் தடவிடுறாங்க, அப்பறம் பசை ஒட்டவே ஒட்டாது. சோப்புத் தண்ணில பழைய பிரஷ்ஷால அழுக்கத் தேய்ச்சு, நல்லா காய விட்டு, ஸ்பிரிட்டால தொடச்சுட்டு, தண்ணி மாதிரி இருக்குற ஃபெவிக்விக்க விரிசல் வாயில ஒரு சொட்டு விட்டா தானா உள்ள ஓடிடும், உடனே அமுக்கிக் கிளிப் போட்டுடு. வழிஞ்சத பஞ்சால தொடச்சுடாத, பஞ்சும் அந்தப் பசையும் சேந்தா சூடேறிப் புகைஞ்சுடும். குழிக்குக் கொம்புத் தூளத்தான் போடணும், உள்பக்கத்துல அரத்தால லேசா தேச்சா கெடைக்கும், அத அடைச்சு மேல சொட்டு விடு. சில பேர் சமையல் சோடா போடுவாங்க, கருப்புக் கொம்புல அது வெள்ளையா பல்ல இளிக்கும், எனக்குப் புடிக்கல.

அப்பறம் உப்புத்தாள், 400ம் நம்பர்ல ஆரம்பிச்சு இன்னும் நைஸான 2000 வரைக்கும், தண்ணி தொட்டு தேய், தூசி மூக்குல போகாது. பிளேடுல டேப் சுத்திக்க. பிடி வளைஞ்சிருந்தா வெந்நீர்ல போட்டு எளக்கி ரெண்டு பலகைக்கு நடுவுல அமுக்கி முழுசா ஆறுற வரைக்கும் விடு, அவசரப்பட்டு எடுத்தா திரும்ப வளையும்.

ஆணி மாத்தணும்னா 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும், நாச்சியார்கோயில்ல குத்துவிளக்குப் பட்டறைல கேட்டுப் பாக்குறேன். கம்பித் தலைய சின்ன சுத்தியால தட்டித் தட்டித்தான் விரிக்கணும், ஓங்கி அடிச்சா கொம்பு பொளந்துரும்.

ஆடிப்பெருக்குக்கு வருவேல்ல, எடுத்துட்டு வா, சேந்து பண்ணுவோம். அதுவரைக்கும் எண்ணெய் மட்டும் தொடாத. அம்மாவ கேட்டதா சொல்லு.